வேலைக்குத் தக்க தீனி: மனிதருக்கும் அதுவே கணக்கு

உழவு நாட்களில் மாட்டுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூட்டி வைக்கிறோம். வேலையின்றிக் கட்டிக் கிடக்கும் நாட்களில் குறைத்துக் கொள்கிறோம். மாட்டுக்குப் பார்க்கும் இந்தக் கணக்கை நம் வயிற்றுக்குப் பார்க்க மறந்துவிட்டோம்.

சாலின் அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரை ஒருமுறை உழ ஏர் பிடித்தவர் ஏறக்குறைய 20 கி.மீ. நடக்க வேண்டும். இன்று டிராக்டர் உழுகிறது, இயந்திரம் அறுக்கிறது, வயலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். தட்டில் சோறு மட்டும் பழைய அளவிலேயே விழுகிறது. செலவாகாத சத்து கொழுப்பாகி இடுப்பில் சேருகிறது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. எடை மிகுந்தால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவை எளிதில் வரும். சர்க்கரை நோயாளி வெறுங்காலுடன் வயலில் இறங்கி, காலில் முள் குத்தினால், புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். கால் போனால் விவசாயம் என்னாவது?

எப்படி அறிவது?

தொப்புள் மட்டத்தில் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

உணவில் செய்ய வேண்டியவை

சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தைக் கீரை, காய், பயறு வகைகளால் நிரப்புங்கள். கேழ்வரகு, சாமை, வரகு நல்லவையே. ஆனால் அவையும் தானியந்தான். அளவின்றி உண்டால் எடை குறையாது.

நாளைக்கு 4 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால், மாதத்தில் 1 கிலோவுக்கு மேல் சர்க்கரை உடலில் சேர்கிறது. இதைப் பாதியாக்குங்கள். வெல்லம், கருப்பட்டி என்று மாற்றுவதில் எடை குறையாது. எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். இரவு உணவை 8 மணிக்குள் முடித்துக் கொள்ளுங்கள்.

வரப்பில் விளைந்த உளுந்தையும் தட்டைப்பயறையும் முழுவதும் விற்றுவிட்டு, அந்தக் காசில் பிஸ்கட்டும் முறுக்கும் வாங்குவது நட்டக் கணக்கு. வீட்டுத் தேவைக்கு முதலில் எடுத்து வையுங்கள். கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கீரைப் பாத்தியும் இருக்கட்டும்.

வீட்டிலேயே பயிற்சி

வாரத்தில் 5 நாட்களாவது தினம் 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். அருகிலுள்ள வயலுக்கு வண்டியை எடுக்காதீர்கள். வீட்டில் காலையில் 10 தோப்புக்கரணம் போடுங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டி 10 முறை செய்யுங்கள். வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் தோப்புக்கரணத்தை விட்டு, நாற்காலியில் அமர்ந்து கால்களை மாற்றி மாற்றி நீட்டினால் போதும். வீட்டுவேலை செய்கிறோமே என்று பெண்கள் நடையை விட்டுவிடக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு உணவைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முப்பது வயது கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

மாதம் ஒன்றரை முதல் 2 கிலோ குறைந்தால் போதுமானது. பட்டினி கிடந்து குறைத்த எடை, பட்டினியை விட்டதும் திரும்பி வந்துவிடும். அளவோடு உண்டு, தவறாமல் நடப்பவருக்கே குறைந்த எடை நிலைக்கும்.