உப்பளக் கரையில் வீடு விற்பது எப்படி? பத்திரம் முதல் சாவி வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரையிலான 46 கிலோமீட்டர் பகுதியை ரூ.2,157 கோடி செலவில் நான்குவழிச் சாலையாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்ட் 8 அன்று ஒப்புதல் அளித்தது. இந்தக் கடலோரத்தில் வீட்டை விற்றுவிட்டுத் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ குடிபெயர எண்ணும் குடும்பங்களுக்கு, ஏற்கெனவே இருந்த கேள்விகளோடு சாலை குறித்த கேள்வியும் இப்போது சேர்ந்துள்ளது. கடல், கழிமுகம், உப்பளம், கழுவெளி ஏரி, நெடுஞ்சாலை ஆகிய ஐந்தும் சில கிலோமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கும் இப்பகுதியில், உள்நாட்டு ஊர்களில் எழாத சில ஐயங்களோடுதான் வாங்குபவர் வருகிறார். அவற்றுக்கான விடைகளை ஆவணங்களாகத் திரட்டி வைத்துக்கொண்டு விலை பேசத் தொடங்குபவரே நியாயமான விலையையும் வழக்கில் சிக்காத விற்பனையையும் பெற முடியும்.

மண் எந்த வகை?

விற்பனை வேலையை வெள்ளையடிப்பதில் தொடங்குவோர் பலர். தொடங்க வேண்டிய இடமோ வருவாய்த் துறைப் பதிவேடு. மரக்காணம் உப்பளங்கள் பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகளுக்கு உரிய நிலங்களில் அமைந்தவை என்பதால், அவற்றை ஒட்டிய குடியிருப்புகளில் எந்தச் சர்வே எண் தனியாருடையது, எது அரசுடையது என்பதை 'அ' பதிவேட்டிலும், எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று உப்பு விளைவிப்பவருக்கு அதில் இருப்பது அனுபவ உரிமை மட்டுமே. பாத்தியை ஒட்டிக் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருந்தாலும் அவை மண்ணின் மீது கிரய உரிமை தந்துவிடுவதில்லை. அரசு நிலம் தொடர்பான பத்திரத்தைப் பதிய மறுக்கும் அதிகாரம், பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி சார்பதிவாளருக்கு உண்டு.

ஊர்க் குடியிருப்புக்கென்று முன்னாளிலேயே ஒதுக்கப்பட்ட கிராம நத்தத்தில் உள்ள வீடு வேறு வகை. அங்கே நத்தம் பட்டாவும், தலைமுறை அனுபவத்தைக் காட்டும் பழைய பத்திரங்களும் சேர்ந்துதான் உரிமையை நிறுவுகின்றன. அரசு இலவசமாக ஒப்படைத்த வீட்டுமனை என்றால், ஒப்படைப்பு ஆணையில் எழுதப்பட்டுள்ள காலவரம்பும் நிபந்தனைகளும் முடிவதற்கு முன் செய்யப்படும் விற்பனை நிலைக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மீனவக் குடும்பங்களுக்குக் கட்டித்தரப்பட்ட வீடுகள் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட்டவை ஆகையால், ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு அவற்றை விற்க இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டு அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமாக இருப்பின், அதைப் பிற சமூகத்தவருக்கு மாற்றவே முடியாது. அங்கீகாரமற்ற மனைப்பிரிவில் உள்ள வீடாயின், 2016 அக்டோபர் 20-க்கு முன்னரே அது மனையாகப் பதிவாகியிருக்கிறதா, அல்லது பின்னர் வரன்முறைப்படுத்தப்பட்டதா என்பதைக் காட்டும் சான்று தேவை.

பட்டா என்பது வருவாய்ப் பதிவு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளன. எனவே பட்டாவோடு, சொத்து முதலில் குடும்பத்துக்கு வந்த வழியைச் சொல்லும் தாய்ப்பத்திரமும், இடைப்பட்ட ஆண்டுகளில் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், ஒப்பந்தம் ஆகியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வங்கிக் கடனை அடைத்து முடித்தவர்கள் அத்துடன் நின்றுவிடாமல், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவுசெய்தால்தான் வில்லங்கச் சான்றில் அக்கடன் நேர்செய்யப்படும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் குறையால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்த நெறி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பெற்றோர் காலமான பின் விற்கப்படும் வீட்டுக்கு வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதில் பெயருள்ள அனைவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்ற எண்ணத்தில் அவரை விட்டுவிட்டு எழுதப்படும் பத்திரங்களே பின்னாளில் பெரும்பாலும் நீதிமன்றம் ஏறுகின்றன. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை தந்ததையும், திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டும்.

கடலும் சாலையும் இட்ட கோடுகள்

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பது, கடல் ஓதம் உச்சத்தில் எட்டும் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையும், கழிமுகம், உப்பங்கழி போன்ற ஓதநீர் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரையோரத்தில் குறிப்பிட்ட தூரம் வரையும் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடாகும். இம்மண்டலத்துக்குள் வீடு இருப்பதால் அதை விற்கத் தடையில்லை. ஆனால் வாங்குபவர் இடித்துவிட்டு மாடி எழுப்பவோ விடுதி கட்டவோ எண்ணியிருந்தால், எந்த அளவுக்குக் கட்டலாம் என்பதை மண்டல வகைதான் தீர்மானிக்கிறது. வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதியில், அனுமதி பெற்றுக் கட்டிய பழைய வீட்டை அதன் தற்போதைய பரப்பளவை மீறாமல் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம். மனை எந்த வகையில் விழுகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் பார்த்துக் கொள்ளலாம்; எல்லையில் ஐயம் இருப்பின் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் அளவீடு உதவும். மரக்காணம், வானூர் வட்டங்களில் 5,151 ஹெக்டேருக்கும் மேல் பரந்த கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், ஏரிக்கரையை ஒட்டிய மனைகளுக்கு அதன் எல்லையையும் சரிபார்க்க வேண்டும்.

சாலையோர வீடுகளுக்கு முக்கியமானது 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம். நிலத்தை எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் 3-ஏ அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அடுத்து வரும் 3-டி அறிவிக்கை வெளியான நாளில் அந்நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடுகிறது. அதன்பின் பழைய உரிமையாளருக்கு மிஞ்சுவது இழப்பீட்டு உரிமையே அன்றி விற்கும் உரிமை அன்று. வாசலும் முன்றிலும் மட்டும் எடுக்கப்பட்டு வீடு எஞ்சும் நிலை வந்தால், சர்வே எண் உட்பிரிவு செய்யப்பட்ட பிறகு எஞ்சிய பகுதியை மட்டும் விற்பதே பாதுகாப்பானது.

சுவரில் பூக்கும் உப்பு

இக்கரையில் வீடு பார்க்க வருபவர் பத்திரத்துக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது சுவரின் அடிப்பாகத்தை. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் இடையே வெண்மையாகப் படர்ந்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும் படலத்தையே உப்பு பூத்தல் என்கிறார்கள். நிலத்தடி உவர்நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறி, சுவரின் வெளிப்புறத்தில் நீர் ஆவியாகிவிட, கரைந்திருந்த உப்பு படிகமாகி விரிந்து காரையைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளுகிறது. பாத்தியில் நிகழும் அதே வினை, வேண்டாத இடத்தில் நிகழ்கிறது. விற்பனைக்கு முன் இதன்மேல் சிமெண்ட் பூசிச் சாயம் அடித்துவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி, அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட உயரத்தில் பூக்கும். ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை பழைய காரையைக் கொத்தி எடுத்து, கல்லை நன்கு உலரவிட்டு, உலர்ந்த உப்பைத் துடைத்து அகற்றிய பின் பூசுவதே முறையான பழுதுபார்ப்பு.

கூரைத் தளத்தின் அடிப்பக்கம் இதைவிடக் கவலைக்குரியது. காற்றில் வரும் உப்பும், கட்டும்போது கலந்த உவர்நீரும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் காப்புப் படலத்தைச் சிதைக்க, துருப்பிடித்த கம்பி பருத்துத் தளத்தைப் பிளக்கிறது. கம்பி இடும் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது; ஊர்க் கிணற்று உவர்நீரைக் கொண்டு கட்டிய பழைய வீடுகளில் இவ்வரம்பு காக்கப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தளத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, உள்ளே பொள்ளலான ஓசை எழும் இடங்களைக் குறித்துப் பொறியாளரிடம் எழுத்து அறிக்கை பெறுவது விற்பவருக்கே நன்மை. கிணற்று நீருக்கும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதனை செய்து வைக்கலாம்.

இவற்றை மறைக்கக் கூடாது என்பது ஒழுக்கம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் எந்த அளவு ஏறியது என்பதும் அவ்வாறு சொல்லப்பட வேண்டிய செய்தியே. சொன்னதைக் கிரய ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதிவிட்டால், பின்னாளில் குறை கூறி வழக்குத் தொடுப்பதற்கு இடமிராது.

முன்பணமும் பத்திரமும்

கிரய ஒப்பந்தத்தை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் நீடிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவுசெய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயமாகும். ஒப்பந்தத்தில் மொத்த விலை, முன்பணம், மீதித் தொகை செலுத்தும் கெடு, கெடு தவறினால் முன்பணம் என்னவாகும், வீட்டை ஒப்படைக்கும் நாள் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பேரம் முறிந்தால் ஒப்பந்தத்தை முறைப்படி ரத்துசெய்து அந்த ரத்து ஆவணத்தையும் பதிய வேண்டும். இல்லையேல் வில்லங்கச் சான்றில் அது நின்று, அடுத்து வருபவரை விரட்டும்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். இதை வாங்குபவர் ஏற்பதே வழக்கம். செலவைக் குறைக்க அவர் பத்திரத்தில் குறைந்த விலையைக் காட்டி மீதியை ரொக்கமாகத் தர முன்வந்தால், அதனால் சிக்கிக்கொள்பவர் விற்பவரே. அசையாச் சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெற்றால் பெற்ற தொகைக்கு ஈடான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது.

லாபத்தில் வரி எவ்வளவு?

இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம் எனப்படும். 2024 ஜூலை 23 முதல் இதற்கு வரி 12.5 விழுக்காடு; அந்நாளுக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கக் குறியீட்டைக் கொண்டு வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 விழுக்காடு வரி செலுத்தும் பழைய முறையோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைச் செலுத்தலாம். 2010-11-இல் ரூ.8 லட்சத்துக்கு வாங்கிய வீடு 2025-26-இல் ரூ.40 லட்சத்துக்கு விற்கப்பட்டதாகக் கொண்டால், புதிய முறையில் ஆதாயம் ரூ.32 லட்சம், வரி ரூ.4 லட்சம். பழைய முறையில் குறியீடு 167-இலிருந்து 376-ஆக உயர்ந்திருப்பதால் வாங்கிய விலை சுமார் ரூ.18 லட்சமாகி, ஆதாயம் சுமார் ரூ.22 லட்சமாகக் குறைந்தாலும் வரி ஏறத்தாழ ரூ.4.40 லட்சம் வரும். விலை மிகுதியாக ஏறாத வீடுகளுக்கே பழைய முறை பயன்படும்.

ஆதாயத்தைக் கொண்டு இரண்டாண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்றாண்டுகளுக்குள் கட்டி முடித்தாலோ அந்த அளவுக்கு வரிவிலக்கு உண்டு. அதுவரை பணத்தைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் விடாமல், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். விலை ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு விழுக்காட்டைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்துவார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராயின் பிடித்தம் இதைவிடக் கூடுதல் என்பதால், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது.

வீட்டைக் காலி செய்யும்போது

ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்சுவோர் அரிது; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இக்கரையில் ஓங்கி அடிக்கும். தை முதல் ஆனிக்குள் பதிவையும் குடிபெயர்வையும் முடித்துக்கொண்டால் சுவரும் உலர்ந்திருக்கும், பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் இடையூறு இராது. முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் சேர்ந்து, பத்திரம் பதிவான பிறகே சாவி கைமாற வேண்டும். அன்றைய மின் அளவியின் எண்ணைப் படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொண்டு, அதுவரையிலான மின் கட்டணத்தையும் பேரூராட்சி அல்லது ஊராட்சி வீட்டு வரியையும் விற்பவர் செலுத்திவிட வேண்டும். பதிந்த பத்திரத்தின் நகலைக் கொண்டு மின் இணைப்பையும் வரி விதிப்பையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றுவதை உறுதிசெய்யாவிட்டால், அவர் வைக்கும் பாக்கி பழைய பெயரிலேயே ஏறும்.

ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு ஆகியவற்றின் முகவரி மாற்றத்தோடு, இப்பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கான ரூ.5,000 மழைக்கால நிவாரணமும், மீனவக் குடும்பங்களுக்கான ரூ.8,000 மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் அரசுப் பதிவுகளைச் சார்ந்தவை ஆதலால், தொழிலை இங்கேயே வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் மாற்றுவோர் பதிவில் விடுபடாமல் இருக்க மீன்வளத் துறையிடமோ தொழிலாளர் நலத் துறையிடமோ முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

தாய்ப்பத்திரத்தோடு பொருந்தும் பட்டா, அண்மைத் தேதியிட்ட வில்லங்கச் சான்று, மனை எந்தக் கடலோர வகையில் உள்ளது என்ற விவரம், சாலைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கையில் தன் சர்வே எண் உள்ளதா என்ற உறுதி ஆகிய நான்கும் கையில் சேரும் வரை, எவ்வளவு ஆசை காட்டினாலும் விற்பவர் முன்பணம் வாங்காதிருப்பதே நல்லது.