வலைக்கு அப்பால் ஒரு தோழர்

நாற்பது வயதைக் கடந்த ஒருவரிடம் வைத்தியர், "தினமும் கொஞ்சம் உடம்பை அசைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால், அவர் பெரும்பாலும் செய்வது மறுநாள் விடியற்காலையில் எழுந்து நடக்கத் தொடங்குவதுதான். நடை நல்லதோர் அப்பியாசம். அதற்குச் செலவில்லை, ஆசானும் வேண்டியதில்லை. ஆயினும், தனியாக மேற்கொள்ளும் எந்த நியமத்துக்கும் உள்ள அபாயம் அதற்கும் உண்டு. மழை பெய்தாலும், விருந்தாளி வந்தாலும், முதல் நாள் இரவு தூக்கம் குறைந்தாலும், இன்றைக்கு வேண்டாம் என்று மனம் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்பாரும் இல்லை. டென்னிஸ், இறகுப்பந்து, பூப்பந்து, மேஜைப்பந்து ஆகிய மட்டை ஆட்டங்களிலோ, வலைக்கு அப்பால் ஒருவர் நமக்காகக் காத்து நிற்கிறார். நாம் போகாவிட்டால் அவருக்கும் அன்றைய ஆட்டம் கெட்டுப்போகும். சோம்பலை வெல்ல மனோதிடம் போதாத இடத்தில், சிநேகிதருக்குக் கொடுத்த வார்த்தை போதுமானதாகிவிடுகிறது.

போட்டியில் பரிசு பெறுவதற்காக ஆடுபவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதுகின்றன. பரிசைப் பற்றிய நினைவே இல்லாமல், உத்தியோகமும் குடும்பமும் விட்டுவைத்த ஒரு மணி நேரத்தில் விளையாடும் சாமானிய ஜனங்களுக்கு இந்த ஆட்டங்கள் எவ்வளவு பெரிய உபகாரம் செய்யக்கூடும் என்பதையே இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். இவை பிறந்ததும் அத்தகைய பொழுதுபோக்காகத்தான் என்பதைச் சரித்திரம் காட்டுகிறது.

பிரான்ஸ் தேசத்தில் ஒரு காலத்தில் உள்ளங்கையாலேயே பந்தை அடித்து ஆடி, பிறகு மட்டை பிடித்து, சுவர்களால் சூழப்பட்ட கூடங்களுக்குள் பிரபுக்கள் ஆடிவந்த பழைய ஆட்டத்திலிருந்து இன்றைய டென்னிஸ் கிளைத்தது. அது கூடத்தை விட்டுப் புல்வெளிக்கு இறங்கி வருவதற்கு இரண்டு யந்திர யுகத்துச் சாதனங்கள் வழி செய்தன: புல்லை ஒரே மட்டமாக வெட்டும் யந்திரம் ஒன்று, கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பக்குவம் செய்யப்பட்டதனால் மெத்தென்ற புல்லின்மேலும் துள்ளி எழக்கூடிய ரப்பர்ப் பந்து மற்றொன்று. 1874-இல் வால்டர் விங்ஃபீல்டு என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, வலை, மட்டை, பந்து, விதிப் புத்தகம் யாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கி, வீட்டுத் தோட்டத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூடி ஆடும் வினோதமாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தது அதற்கு மூன்று வருஷங்கள் கழித்து, 1877-இல்தான். விருந்தினர்களை மகிழ்விக்கப் பிறந்த ஆட்டம் பிற்பாடுதான் வீரர்களின் களமாயிற்று.

இறகுப்பந்தின் கதையில் நம் தேசத்துக்கே பெரும் பங்கு உண்டு. புனாவில் தங்கியிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வலை கட்டி ஆடி, விதிகளையும் வகுத்துக்கொண்டார்கள்; அவர்கள் ஊர் திரும்பியபோது ஆட்டமும் கூடவே கப்பலேறியது. இங்கிலாந்தில் பாட்மின்டன் என்னும் பிரபு மாளிகையின் பெயரே அதற்கு நிலைத்து, 1893-இல் அங்கே சங்கமும், 1899-இல் அகில இங்கிலாந்துப் போட்டியும் ஏற்பட்டன. அந்தப் பட்டத்தை 1980-இல் பிரகாஷ் படுகோனேயும், 2001-இல் கோபிசந்தும் வென்று வந்ததை நம்மவர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் தமிழ் நாட்டுச் சிற்றூர்களுக்கு இவ்விரண்டையும்விட நெருங்கிய உறவு பூப்பந்து. தஞ்சை அரச குடும்பத்தாரின் ஆதரவில், 1856-ஆம் ஆண்டளவில் இது வழக்கத்துக்கு வந்தது என்பது பரம்பரையாகச் சொல்லப்பட்டுவரும் வரலாறு. 1954-இல் இதற்கென அகில இந்திய சம்மேளனம் உருவாயிற்று. வாரங்கல்லைச் சேர்ந்த பிச்சையா 1970-இல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். இத்தனை கௌரவங்கள் இருந்தும், மைதானம் உள்ள பள்ளிக்கூடங்களிலும், கோயில் திடல்களிலும், ஆலைக் குடியிருப்புகளிலும் மாலை வேளையில் ஆடப்பட்ட ஜனங்களின் ஆட்டமாகவே அது வாழ்ந்துவந்திருக்கிறது.

அந்தக் காட்சியைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். வெயில் தாழ்ந்ததும், முதலில் வந்து சேர்ந்த இருவர் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒருவர் அழிந்துபோன கோட்டின்மேல் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆறடி உயரத்தில் வலை ஏறுகிறது. மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்தைக் கையில் எடுத்தால் ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவுதான் இருக்கும். எடை 27 முதல் 30 கிராம் வரை. அதாவது டென்னிஸ் பந்தில் ஏறக்குறையப் பாதி, இறகுப்பந்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எடைதான் ஆட்டத்தின் ஜீவநாடி. இறகுப்பந்தைத் திசை மாற்றிவிடும் சாயங்காலக் காற்று கம்பளிப் பந்தை அவ்வளவு எளிதில் அசைத்துவிட முடியாதாகையால், கட்டடம் எதுவும் இல்லாமலே திறந்த வெளியில் ஆடலாம். அது தரையில் பட்டால் துள்ளி எழாது; ஆகவே நிலத்தில் விழுமுன்பே எடுத்தாக வேண்டும். தரை வழவழப்பாக இருக்க வேண்டிய அவசியமும் அதனால் இல்லாமற்போகிறது. சிமெண்டுத் தளமோ, புல்தரையோ, கூரையோ வாய்க்காத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மட்டை ஆட்டம் ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பதுகூடக் கடினம்.

அதன் மற்றொரு சிறப்பு, பக்கத்துக்கு ஐந்து பேர் என்ற ஏற்பாடு. வேகமாக ஓடக்கூடிய வாலிபன் வலைக்கு அருகே நின்று தாழ்ந்து வரும் பந்துகளைப் பாய்ந்து எடுக்க, கால் தளர்ந்தாலும் கண் தளராத பெரியவர் பின்வரிசையில் தமக்கு உரிய இடத்தில் நின்றபடியே உயர்ந்து வருவதைத் தூக்கி அடிக்கிறார். "அண்ணே, உங்க பந்து!" என்று ஒரு பள்ளி மாணவன் குரல் கொடுக்கிறான், அவனுக்கு முப்பது வயது மூத்தவரும் ஊரில் நாலு பேர் மதிக்கும் உத்தியோகஸ்தருமான அந்த அண்ணன், ஒரு சொல்லும் மறுத்துரையாமல் ஓடிப்போய் எடுக்கிறார். வேறெந்த இடத்தில் வயதும் பதவியும் இவ்வளவு இயல்பாக விலகி நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வோர் ஆட்டத்தின் சுபாவத்தையும் அதன் பந்துதான் நிர்ணயிக்கிறது. டென்னிஸ் பந்து ஒரு முறை தரையில் பட்டு எழலாம் என்பதால், ஆடுபவருக்கு யோசிக்க ஒரு கணம் கிடைக்கிறது. அதற்குப் பதிலாக, பரந்த களம் முழுவதும் அவர் ஓட வேண்டியிருக்கிறது. இறகுப்பந்தின் தக்கையில் செருகப்பட்டிருக்கும் பதினாறு இறகுகளும் கூம்பாக விரிந்து காற்றைத் தடுப்பதனால், அது மட்டையை விட்டு அம்புபோலக் கிளம்பினாலும் எதிராளியிடம் வந்து சேருவதற்குள் வேகம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 2023-இல் நம் தேசத்து வீரர் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையை விட்டுப் புறப்பட்டது என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. ஆயினும் அதே பந்தைப் பத்து வயதுக் குழந்தையும் அதன் பாட்டியும் வீட்டு வாசலில் நிதானமாகத் தட்டி ஆட முடிகிறதென்றால், அதற்கு அந்த இறகுகளே காரணம். இடமே இல்லாதவர்களுக்கு, ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேஜையின்மேல் 40 மில்லிமீட்டர்ப் பந்தைத் தட்டும் மேஜைப்பந்து இருக்கிறது.

பொழுதுபோக்காக ஆடுபவர் கற்றுக்கொள்ள வேண்டிய கலை, ஓங்கி அடிப்பதைக் காட்டிலும், பந்தைத் தவறாமல் திருப்பி அனுப்புவதே. இதற்கு ராமநாதன் கிருஷ்ணனைவிட மேலான உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. தந்தையிடம் டென்னிஸ் பயின்ற அவர், 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்று, 1960-இலும் 1961-இலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். எதிர்த்து நின்றவர்கள் புயல்போல் சர்வீஸ் போட்டபோதும், அவருடைய ஆட்டம் மென்மையையும் நிதானத்தையும் இடமறிந்து பந்தை வைக்கும் நுட்பத்தையுமே நம்பியிருந்தது. அந்த நுட்பத்தைக்கொண்டுதான் 1961 காலிறுதியில் ராய் எமர்சனை வென்றார். உலக வீரர்களின் நடுவிலேயே அது செல்லுபடியாயிற்றென்றால், நம் தெருக்கோடி மைதானத்தில் செல்லுபடியாவதற்குக் கேட்பானேன்? இருபது முறை வலைக்கு மேலே போய் வந்த பந்து கடைசியில் யார் பக்கம் விழுந்தாலும், இருவருக்கும் மூச்சு வாங்குகிறது, இருவர் முகமும் மலர்கிறது. இரண்டாவது அடியிலேயே முடிந்துவிட்ட ஆட்டத்தில் வென்றவருக்கும் திருப்தி இல்லை. எதிராளி நன்றாக ஆட வேண்டும் என்று மனமார விரும்பாதவர் இந்த விளையாட்டின் முழு ரசத்தையும் அனுபவிக்க முடியாது.

தேக ஆரோக்கியத்துக்கு இவை செய்யும் நன்மையைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் பேசியிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், மட்டை ஆட்டங்கள் ஆடியவர்களிடையே மரண விகிதம் மற்றவர்களைவிட 47 சதவிகிதம் குறைந்திருந்தது. கோபன்ஹேகன் நகரவாசிகளைச் சுமார் 25 ஆண்டுகள் கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வோ, உடலுழைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், மெதுவோட்டம் ஓடியவர்களுக்குச் சராசரி ஆயுள் 3.2 ஆண்டுகளும், இறகுப்பந்து ஆடியவர்களுக்கு 6.2 ஆண்டுகளும், டென்னிஸ் ஆடியவர்களுக்கு 9.7 ஆண்டுகளும் கூடியிருந்ததாகக் கணக்கிட்டது. டென்னிஸ் ஆடுபவர்கள் பொதுவாக வசதியும் கல்வியும் உடையவர்களாகையால், இந்த வித்தியாசம் முழுவதையும் ஆட்டத்தின் பேரிலேயே ஏற்றிவிடுவது நியாயமாகாது. இருந்தபோதிலும், நாலு பேரோடு கூடிப் பேசிச் சிரித்து ஆடும் விளையாட்டுகளே பட்டியலின் மேலே நின்றதைக் கண்ட அந்த ஆய்வாளர்கள், தசைகள் அடைந்த பயிற்சியோடு மனிதர்கள் அடைந்த சகவாசமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். எனக்கு அது முற்றிலும் நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது.

நன்மை இருக்குமிடத்தில் எச்சரிக்கையும் வேண்டும். பல வருஷங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உடம்பு, திடீரென்று நின்று, திரும்பி, பாயும் அசைவுகளுக்குத் தயாராக இராது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாணுமே முதலில் புண்படுகின்றன. ஆகவே பத்து நிமிஷம் மெல்ல ஓடி, தோளையும் காலையும் தளர்த்திக்கொண்ட பிறகே களத்தில் இறங்க வேண்டும். நேராக ஓடுவதற்கென்று செய்த காலணி பக்கவாட்டில் நகரும்போது கணுக்காலைப் பிசகச் செய்யக்கூடும். அடிப்பாகம் தட்டையாகவும் பிடிப்பாகவும் உள்ள காலணியே ஏற்றது. முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் 'டென்னிஸ் எல்போ' என்ற வலி, மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, தாமதமாக, மணிக்கட்டால் மட்டும் பேக்ஹேண்ட் அடிப்பவர்களை அதிகம் பீடிக்கிறது. பிடியைச் சற்று இளக்கி, தோளிலிருந்து வீசக் கற்பதும், வலி கண்டவுடன் சில நாள் ஓய்வு கொடுப்பதும் நல்லது. இறகுப்பந்து இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்கும் கூட்டாளி அடிக்கும் தருணத்தில் திரும்பிப் பார்க்கவே கூடாது. அந்தப் பந்து கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இருதய உபாதையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வாரம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மூர்க்கமாக ஆடுவதைவிட, வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம் ஆடுவது ஆயிரம் மடங்கு மேல்.

தொடங்க நினைப்பவர் விலையுயர்ந்த மட்டையைத் தேட வேண்டாம். கைக்குக் கனமில்லாத சாதாரண மட்டையும், ஏறக்குறையத் தமக்குச் சமமாக ஆடக்கூடிய ஒரு சிநேகிதரும் போதும். வயது ஏறினால் ஒற்றையரை விட்டு இரட்டையருக்குப் போகலாம். களத்தில் பாதியைக் கூட்டாளி காத்துக்கொள்கிறார். பெண்கள் இந்த ஆட்டங்களைக் கல்லூரியோடு விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே இருப்பது பெருங்குறை. கணவனும் மனைவியும், தாயும் மகளும் எதிரெதிரே நின்று ஆடத் தகுந்த விளையாட்டுகள் இவற்றைப்போல் அதிகம் இல்லை.

குறை ஒன்றுதான்: இடம். இறகுப்பந்துக் களத்துக்கு இரண்டு சென்ட் நிலம் போதும். பூப்பந்துக் களத்துக்கு 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும், அதாவது ஏழு சென்ட் வேண்டும். சுற்றிலும் ஓடியாட இடம் விட்டாலும் பத்துப் பன்னிரண்டு சென்டுக்குள் அடங்கிவிடும். இந்த அளவு நிலம் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அது மாலை நாலரை மணிக்குப் பூட்டப்படும் பள்ளிக்கூடத்து மதிலுக்குள்ளே கிடக்கிறது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு இரண்டு மணி நேரம் அந்த வாயிலைத் திறந்துவைக்கவும், இரண்டு கம்பங்களை நட்டு ஒரு விளக்கு போட்டுக் கொடுக்கவும் ஊராட்சியும் பெற்றோரும் கூடி முடிவு செய்தால், ஊருக்கு வேறு பெரிய செலவு எதுவும் வராது. ஆஸ்பத்திரிக்கு இடம் கேட்டு மனு எழுதும் ஊர்ப் பெரியவர்கள், அதே காகிதத்தில் இந்த ஏழு சென்ட்டையும் கேட்டு எழுத வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.