செய்தி வாசிக்க பெண் குரலா? 1947-ல் டெல்லி வானொலியில் கேட்ட முதல் குரல்... யார் இந்த சயீதா பானு?

"ஆகாசவாணி... செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சாமி." திட்டக்குடி, பெண்ணாடம் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களிடம் இந்த வரியைச் சொன்னால் போதும், அந்த உச்சரிப்போடு திருப்பிச் சொல்லிக் காட்டுவார்கள். டீக்கடை ரேடியோவில் டெல்லியிலிருந்து வந்த அந்தத் தமிழ்க் குரலை யாரும் 'பொம்பளைக் குரல்' என்று ஒதுக்கவில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வருவது லேசில் நடக்கவில்லை. முதலில் அந்த மைக் முன்னால் உட்கார்ந்தவர், உருது வாசித்த சயீதா பானு.

அப்போது என்ன பிரச்சினை?

செய்தி என்றால் கனமான ஆண் குரல்தான் வேண்டும், பெண் வாசித்தால் நம்ப மாட்டார்கள் என்பதுதான் அன்றைய நினைப்பு. லண்டனிலும் இதே கதைதான். 1933-ல் ஷீலா பாரெட் என்ற பெண்ணை பிபிசி அறிவிப்பாளராக்கியது. புகார் கடிதங்கள் குவிந்தன, சில மாதங்களிலேயே அவரை மாற்றிவிட்டார்கள். கடிதம் போட்டவர்களில் பெண்களும் ஏராளம் என்பதுதான் வேடிக்கை.

போபால் முதல் டெல்லி வரை

சயீதா பானு வளர்ந்தது போபாலில். 1819 முதல் 1926 வரை, நூறு வருஷத்துக்கும் மேல் பேகம்களே ஆண்ட சமஸ்தானம் அது. லக்னோவில் படித்தார். வீட்டார் பார்த்து, அங்கே ஒரு நீதிபதிக்குக் கட்டி வைத்தார்கள். மகன்கள் பிறந்தார்கள். ஆனால் அந்த வாழ்க்கை ஒட்டவே இல்லை. 1938-ல் லக்னோ வானொலி நிலையம் தொடங்கியபின், பெண்கள், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் பேசப் போனார். மைக் பழகியது அங்கேதான்.

1947 ஆகஸ்ட். நாடு ரெண்டாகப் பிரியப்போகிற நேரம். ரயிலில் ஏறவே ஜனங்கள் பயந்த அந்த நாட்களில், கணவரைப் பிரிந்து, இளைய மகனைக் கூட்டிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்பிவிட்டார். சொந்த வீடு கிடையாது, தங்கியது ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதியில். 'புருஷனை விட்டு வந்தவள்' என்ற பேச்சு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆகஸ்ட் 13, காலை 8 மணி

சுதந்திரத்துக்கு ரெண்டே நாள் முன்பு, ஆல் இந்தியா ரேடியோவின் உருது செய்தியை சயீதா வாசித்தார். அந்த வானொலியின் முதல் பெண் செய்தி வாசிப்பாளர் என்று இன்று அறியப்படுவது அவர்தான்.

பாராட்டு வந்தது. வசவும் சேர்ந்தே வந்தது. அடுத்த சில வாரங்களில் டெல்லியே கலவரத்தில் எரிந்தது, அகதி முகாம்கள் நிரம்பின. 'பாகிஸ்தானுக்குப் போ' என்று அவர் பெயருக்கே கடிதங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் தன் பெயரைச் சொல்லித்தான் செய்தியைத் தொடங்க வேண்டும். ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயர் அது. தினமும் போய் உட்கார்ந்தார், பெயரைச் சொன்னார், வாசித்தார்.

1965 வரை செய்தி வாசித்தவர், பிறகு உருது சேவையின் தயாரிப்பாளரானார். 'டகர் சே ஹட் கர்' என்ற அவரது தன்வரலாறு 1994-ல் வந்தது. போட்ட தடத்தை விட்டு விலகி, என்று பொருள். தன் திருமண முறிவையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 2001-ல் காலமானார். பேத்தி ஷஹானா ராசாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2020-ல் வந்த பிறகுதான், உருது தெரியாத பலருக்கும் இந்தப் பெயரே தெரிய வந்தது.

மும்பையில் பிறந்த தமிழ்ப்பெண் சரோஜ் நாராயண்சாமி பின்னாளில் அதே டெல்லி வானொலியில் தமிழுக்கு வந்தார். சுமார் 35 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். 2009-ல் தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றார். 87 வயதில் மும்பையில் அவர் மறைந்தது 2022 ஆகஸ்ட் 13. சயீதா முதன்முதலாக உருது செய்தி வாசித்து அன்றோடு சரியாக 75 வருஷம்.