உழைப்போர்க்கு எடுத்த சிலை

ஒரு சமுதாயம் எதனைப் பெருமையெனக் கருதுகின்றது என்பதை அது யாவர்க்குச் சிலை எடுக்கின்றது என்பதனால் அறியலாம். அரசரும் புலவரும் தலைவரும் நாற்சந்திகளிற் சிலையாய் நிற்றல் எங்கணும் உள்ள வழக்கு. ஊரும் பேரும் அறியப்படாத உழைப்பாளி அவ்வாறு நிற்றல் அரிது.

அவ்வரிய காட்சியினைச் சென்னை மெரீனாக் கடற்கரையிலே காணலாம். காமராசர் முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1959ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், ஆங்கு உழைப்பாளர் சிலை நிறுவப்பெற்றது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் அக்கடற்கரையிலேயே. சிலையை வடித்தவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராய் நெடுங்காலம் விளங்கிய வங்காளச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌதுரி. அதே கடற்கரையில் நிற்கும் காந்தியடிகள் சிலையும் அவர் கைவண்ணமே.

வெண்கலத்தாலாய அச்சிலையில் நால்வர் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கின்றனர். அவர் காண்போரை நோக்கி நிற்பவரல்லர். கண்ணும் கருத்தும் வேலையிலே பதிந்துள்ளன. சிலையின் பெயர் ‘உழைப்பின் வெற்றி’. பாறையோ இன்னும் பெயர்ந்திலது. வெற்றியென்பது முடிவில் மட்டுமன்றி, பலர் ஒருங்கு கூடி முயலும் முயற்சியிலும் உளது என்பதே சிற்பியின் கருத்துப் போலும். பெல்சிய நாட்டுச் சிற்பி கொன்சுதாந்தின் மெனியே என்பாரும் சுரங்கத் தொழிலாளரையும் துறைமுகத் தொழிலாளரையும் இவ்வாறே வடித்துப் புகழெய்தினார்.

இந்நெறி தமிழர்க்குப் புதியதன்று. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள பல்லவர் கால நடுகல், வீரனோடு அவன் நாய்க்கும் பெயர் பொறித்துச் சிறப்புச் செய்கின்றது. ஈண்டு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நடுகல் மாண்டவன் பெயரைக் காத்தது; உழைப்பாளர் சிலையோ பெயரின்றி உழைப்பினைப் போற்றுகின்றது. பெயரற்ற போற்றுதல் அனைவரையும் தழுவுமாயினும், நாளடைவில் வெறும் அழகுப் பொருளாய்க் குறைதலும் கூடும்.

வன்னி நாட்டில் இவ்வினா வலிமை பெறுகின்றது. 1803இல் பண்டாரவன்னியன் தோல்வியுற்றமையைக் குறித்துக் கற்சிலைமடுவிலே கல் நாட்டப்பட்டது. வவுனியா நகரில் அவனுக்குச் சிலையும் உண்டு. அது தகும். ஆயின், வன்னியின் வாழ்வு குளத்தினின்றும் பிறப்பது. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவின் அணைக்கட்டு, மண் சுமந்த எண்ணிறந்தோரின் தோள்வலியால் உயர்ந்தது. அந்நீரால் விளைந்த நெல்லை உண்போர் அவர் பெயரை அறியார். காடு வெட்டிக் கழனி திருத்தியவரும், போரின்பின் மீண்டு வந்து பாழ்நிலத்தைப் பண்படுத்தியவரும் அத்தகையோரே.

ஆதலின், அவர்க்கு நினைவுச்சின்னம் எடுக்குங்கால் உழைக்கும் உருவத்தை மெரீனாவிலிருந்தும், பெயர் பொறிக்கும் நெறியை நடுகல்லிலிருந்தும் கொள்ளுதல் நன்று. பெயர் சொல்லக்கூடிய முதியோர் உள்ளபோதே அப்பெயர்களைத் திரட்டுதல் அதற்கு முதற்படியாகும்.