வாட்ஸ்அப்பில் புலம்பினால் புகை அடங்காது

மணலி, எண்ணூர்ப் பக்கம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை உதறினால் கரித்தூள் கொட்டுகிறது. உடனே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். நாலு பேர் கொதிக்கிறார்கள். "கம்பெனியை மூடிட்டா வேலைக்கு எங்கே போறது?" என்று ஒருவர் கேட்டதும் பேச்சு அடங்கிவிடுகிறது.

மூடச் சொல்லி யார் கேட்டது? 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டப்படி, ஆலை ஓடுவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். எவ்வளவு புகை விடலாம், அதை எப்படி வடிகட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் நிபந்தனைகளாக இருக்கும். ஒப்புக்கொண்டதைச் செய்யச் சொல்வது வளர்ச்சிக்கு விரோதமல்ல. மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளில் ஒன்றாக 2009-இலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. ஆலைக்கு லாபம், நமக்கு மருந்துச் சீட்டு என்பதா வளர்ச்சி?

சரி, என்ன செய்யலாம்? முதலில், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு. "எங்கள் பகுதியில் மாசு அதிகம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். தேதி, மணி, எந்தப் புகைபோக்கி, என்ன நாற்றம், காற்று வீசிய திசை என எல்லாவற்றையும் எழுதுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

"ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் இல்லை" என்று பதில் வரலாம். புகை வருவது நள்ளிரவில். அதிகாரி வருவது பகல் 11 மணிக்கு. எனவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். இசைவாணையின் நகல், ஆய்வு நடந்த தேதி, நேரம், புகைபோக்கியில் எடுத்த அளவீடு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால், சேப்பாக்கம் கலச மகாலில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அவ்வளவுதான். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு.

மறுபடியும் சொல்கிறேன், 6 மாதம். வாரியத்தின் பதிலுக்காகக் காத்திருந்தோம் என்பதால் கெடு தள்ளிப்போகாது. தேதியே இல்லாத புகாரோடு போய் நின்றால், எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள்?