ஸிட்னி பாய்ட்டியர்

2022-ஆம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி ஸிட்னி பாய்ட்டியர் தமது 94-ஆம் வயதில் காலமானபோது பஹாமாஸ் தீவுகளில் கொடிகள் அரைக்கம்பத்திற்கு இறங்கின. நியூயார்க் நாடக சாலைகள் விளக்குகளை மங்கச் செய்தன. ஒரு நடிகருக்கு இத்தனை துக்கமா என்று கேட்போர் உளர். அவர்களுக்கே இதை எழுதுகிறோம்.

அவர் தக்காளி பயிரிட்ட ஏழைக் குடியானவரின் புதல்வர். நியூயார்க்கில் ஹோட்டல் பாத்திரங்களைக் கழுவினார். வயோதிகப் பரிசாரகர் ஒருவர் பத்திரிகையை வைத்துக்கொண்டு அவருக்கு வாசிக்கக் கற்பித்தார். 1964-இல், சிறந்த கதாநாயகருக்குரிய ஆஸ்கார் பரிசைக் கறுப்பர்களில் முதன்முதலாகப் பெற்றார்.

பரிசினும் பெரிதாக நாம் மதிப்பது அவ்வருஷக் கோடையில் நிகழ்ந்தது. வாக்குரிமைத் தொண்டர்களுக்காக 70,000 டாலர் ரொக்கத்துடன் அவரும் ஹாரி பெலபாண்டேயும் மிஸ்ஸிஸிப்பியிலுள்ள கிரீன்வுட்டுக்குச் சென்றனர். இரவில் வெள்ளை வெறியர் மோட்டாரில் துரத்தினர். பணம் சேர வேண்டிய கைகளில் சேர்ந்தது.

வெள்ளையர் மனங்கோணாத வேஷங்களையே ஏற்றாரெனச் சொந்த ஜனங்களிலேயே சிலர் ஏசினர். அதில் நியாயம் அறவே இல்லையென்று நாம் கூறோம். ஆயினும் 1967-இல் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆப் தி நைட்' படத்தில் வெள்ளைச் சீமான் கன்னத்தில் அறைந்தவுடன் திருப்பி அறைந்தவரும் அவரே. கதை நடப்பது மிஸ்ஸிஸிப்பியில். அங்கே சென்று நடிக்க மறுத்துவிட்டார். படத்தின் பெரும்பகுதியை வடக்கே இல்லினாய் மாகாணத்தில் எடுத்தனர். கிரீன்வுட் இரவை அவர் மறக்கவில்லை.