ஒன்பது மா பயிரும் ஒரு காலிக் கட்டமும்

திருவையாறு பக்கம் முதன்முதலாகக் கணக்கெடுப்புக்குப் போனபோது, என் வினாப்படிவத்தின் நாலாவது கேள்வி: "உங்களுக்குச் சொந்தமான நிலம் எவ்வளவு?" திண்ணையில் இருந்த பெரியவர், "ஏதுங்க, ஒண்ணும் கிடையாது" என்றார். 'நிலமற்றவர், கூலி' என்று எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஒன்பது மா பயிர் நிக்குதே, அதைச் சொல்லலியா?" என்றார். "அது பட்டாதாரர் நிலம்டி."

டெல்டாவில் மூணு மா ஒரு ஏக்கர். மூணு ஏக்கர் சம்பா நட்டவர் என் அட்டவணையில் கூலியாக உட்கார்ந்திருந்தார்.

இதுக்குச் சட்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கு. 1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூருக்கென்றே வந்த குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1955-ல் குத்தகைதாரரை வெளியேற்றத் தடை. 1956-ல் நியாயக் குத்தகை. இன்றைய விதிப்படி உடையவருக்கு விளைச்சலில் 25 சதவீதம்தான். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம்.

சிக்கலும் இங்கேதான். பெயர் பதிவாகிவிட்டால் ஆளை எழுப்ப முடியாது, 25-க்கு மேல் கேட்கவும் முடியாது. அதனால் பட்டாதாரர் எதையும் எழுதித் தருவதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு: மாவுக்கு இத்தனை மூட்டை, அவ்வளவுதான். பாதுகாக்க வந்த சட்டமே எழுத்தைத் துரத்திவிட்டது. (கோயில், மடத்து நிலம் வேறு கதை. அங்கே பேர் ஏட்டில் இருக்கும், கூடவே பாக்கியும் இருக்கும்.)

எழுத்து இல்லாததன் விலை மழைக்காலத்தில்தான் தெரியும். 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். ஆனால் விஏஓ அடங்கல் தரணும், அதில் சாகுபடி செய்பவர் பேர் இருக்கணும். பட்டாதாரர் சம்மதிக்காமல் அந்தப் பேரை ஏற்றுவது லேசில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் நிலம் உடையவருக்கு மட்டுமே. விதை, உரம், நடவுக்கூலி கடன் இவர் தலையில். பயிர் மூழ்கினால் பணம் வேறொருவர் கணக்கில்.

அடங்கலை மட்டும் வைத்து டெல்டாவின் குத்தகையை எடைபோடும் ஆய்வுகளை நான் அதிகம் நம்புவதில்லை. சொந்த நிலத்தில் தொடங்கும் வினாப்படிவமும் அதே தப்பைத்தான் செய்கிறது. இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, "இந்தப் போகம் எத்தனை மா நட்டீங்க?" அடுத்தது, "அறுத்தா யாருக்கு எத்தனை மூட்டை அளக்கணும்?" தயங்காமல் பதில் வருது.

பெரியவரின் படிவத்தைத் திருத்தும்போது அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "கணக்கை எழுதிக்குங்க தம்பி, பேரைப் போட்டுடாதீங்க. அடுத்த போகம் வேற ஆளுக்குப் போயிடும்." பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டேன். எனக்கு அது ஆய்வு ஒழுங்கு. அடங்கலிலும் அவர் கட்டம் அப்படியேதான் இருக்கிறது.